தலைமடைக்குப் போன ஊசி

என் மாமனாரைப் பழிவாங்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. கத்தி எடுக்கவில்லை. கஞ்சியில் எதையும் கலக்கவில்லை. அவரை எதிர்த்து ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. நிமோனியா தடுப்பூசியை எந்த வயதில் எத்தனை தடவை போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் சொன்னேன், அவ்வளவுதான். அதை அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று சொன்னேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. திருநெல்வேலி டவுனில், கோயிலுக்குத் தெற்கே ஒரு தெருவில் குடியிருந்தோம். வீட்டில் நாலே பேர். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான். என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டை கோர்ட்டில் வக்கீல். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். மாமனார் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமிரபரணி வாய்க்கால்களில் எந்த மதகைத் திறப்பது, எதை அடைப்பது என்று உத்தரவு போட்டே உத்தியோக காலத்தைக் கழித்தவர். அவருடைய அப்பா காலத்தில் குடும்பத்துக்கு வாய்க்கால் கரையிலேயே வயல்கள் இருந்தனவாம். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் முதலில் நனைகிற வயலுக்குத் தலைமடை என்று பெயர். கடைசியாக நனைவது கடைமடை. தண்ணீர் குறைந்த வருடங்களில் கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இவர்கள் வயல் எப்போதும் தலைமடை.

வயல்களை விற்றுத் தின்று தீர்த்த பிறகும் அந்தத் தலைமடை மட்டும் வீட்டுக்குள் மிச்சம் இருந்தது. பேப்பர் வந்தால் முதலில் அவர் பிரிக்க வேண்டும். காபி முதல் டிகாக்‌ஷன் அவருக்கு. சீசனில் மாம்பழம் வந்தால் அவர் ஒரு துண்டு வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. புது சோப்பை உறையிலிருந்து எடுத்தால்கூட அவர் குளித்து முடிக்கிறவரை யாரும் தொடக் கூடாது. யாராவது கேட்டுவிட்டால், "தலைமடை நனையாம கடைமடைக்குத் தண்ணி போவுமா?" என்று ஒரே கேள்வியில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார். மாமியார் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவர். என் வீட்டுக்காரர் அதில் பிறந்து வளர்ந்தவர். நான்தான் வெளியிலிருந்து வந்தவள். எனக்கு அந்த சோப்பு விஷயத்திலேயே எரிச்சல் உண்டு.

ஒரு புரட்டாசியில் என் வீட்டுக்காரர் திருச்செந்தூரில் ஒரு கட்சிக்காரரைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஏரல் பக்கம் வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று சந்திலிருந்து சட்டென்று திரும்ப, இவர் பிரேக் போட்டு விழுந்திருக்கிறார். ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. வெளியே ஒரு சிராய்ப்புதான். வீட்டுக்கு வந்து காபி குடித்தார். "லேசா வலிக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தால் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் நிறைந்து கிடந்தது. மண்ணீரலை எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றினார்கள்.

மண்ணீரலைப் பற்றி நான் வருடா வருடம் பத்தாம் வகுப்புக்கு ஒரு பத்தி நடத்துகிறவள். அந்த ஒரு பத்திக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆபரேஷன் செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மண்ணீரல் இல்லாம நல்லாவே வாழலாம்மா. ஆனா சில கிருமிகளுக்கு இவர் உடம்புல காவல் கிடையாது. அதுல முக்கியமானது நிமோனியாக் கிருமி. அதுக்கு ஒரு தடுப்பூசி இருக்கு. இவர் வயசுல நல்லா இருக்கிறவங்களுக்கு அது தேவையில்லை. இவருக்குக் கண்டிப்பாப் போடணும். இப்ப ஒண்ணு, அஞ்சு வருஷம் கழிச்சு ஒண்ணு."

"எங்க மாமனாருக்கு இந்தக் கோடையிலதான் மெட்ராஸ்ல போட்டாங்க. அவருக்கும் அஞ்சு வருஷத்துல போடணுமா?" என்று கேட்டேன்.

"அவருக்கு வயசு என்ன?"

"அறுபத்தஞ்சு."

"அறுபத்தஞ்சுக்கு மேல போட்டவங்களுக்கு ஒரு தடவை போதும். திரும்பப் போடத் தேவையில்லை. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு இந்த மருந்து போட்டாலும் வேலை செய்யாது. இது ஆளுக்கு ஆள் மாறும். நீங்க இவரைப் பாருங்க. சீக்கிரம் போட்டுடுங்க."

அதை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் மாமனாரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். தலையை ஆட்டினார். தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த ஊசி மருந்து அப்போது எங்கள் ஊரில் கிடைக்காது. மெட்ராஸில் இருந்த நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவள் வீட்டுக்காரர் அலைந்து திரிந்து ஒரே ஒரு பாட்டில் வாங்கினார். பிளாஸ்கில் ஐஸ் போட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் ரயிலில் கொடுத்துவிட்டார். ஐப்பசி தொடங்கி மழை பிடித்திருந்த நாள். காலையில் ஸ்டேஷனுக்குப் போய் நானே வாங்கிவந்து பிரிட்ஜில் வைத்தேன். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம், சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வந்து போட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனேன். அன்று எனக்குப் பரீட்சை மேற்பார்வை. லீவு கிடைக்கவில்லை.

சாயங்காலம் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தேன். முன்கூடத்தில் ஈசிசேரில் மாமனார் மேல்சட்டை இல்லாமல் சாய்ந்திருந்தார். இடது புஜத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

"மாமாவுக்குக் கையில என்ன அத்தை?" என்றேன்.

"ஊசி போட்டாச்சுட்டி. கம்பவுண்டரை மாமா நீ வாரதுக்கு முந்தியே ஆள் விட்டுக் கூப்பிட்டுட்டாக," என்றார் மாமியார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது அவுகளுக்கு வாங்குனதுல்லா?"

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெட்ராஸ்ல போட்டது மெட்ராஸ் காத்துக்கும்மா. இங்கன ஐப்பசி வாடை வேற மாதிரில்லா. நெஞ்சு தாங்கணும்னா வருஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிடணும். அவன் சின்னவன்தான, அடுத்த பாட்டில் வந்ததும் போட்டுக்கிடட்டும். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்லா?"

தடுப்பூசி என்ன, வண்டிக்கு ஆயில் மாற்றுவதா வருடத்துக்கு ஒருமுறை செய்ய? காற்றுக்குக் காற்று வேறு ஊசியா? படித்த மனுஷன், பொறியாளர், கணக்குத் தெரிந்தவர். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. குடையை மூலையில் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே கட்டிலில் என் வீட்டுக்காரர் வயிற்றுத் தையலைப் பிடித்தபடி படுத்திருந்தார்.

"ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"அப்பா சட்டையைக் கழட்டிட்டு உக்காந்துட்டாக. கம்பவுண்டர் முழிச்சுக்கிட்டு என்னையப் பாத்தான். முதல்ல அப்பாவுக்குப் போடும்னு நாந்தான் சொன்னேன். விடு. ஒரு மாசத்துல என்ன ஆயிரப் போவுது?" என்று சிரித்தார்.

நான் மழையோடு மழையாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நாத்தனாருக்குப் போன் செய்தேன். "மதினி, இருந்த ஒண்ணத்தான் வாங்குனாங்க. இனிமே வெளிநாட்டுலேருந்து சரக்கு வந்தாத்தானாம்," என்றாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே.

கார்த்திகை முழுக்க ஆற்றில் தண்ணீர் கலங்கி ஓடியது. சரக்கு வரவில்லை. நான் தினமும் என் வீட்டுக்காரர் நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பேன். அவர் கோர்ட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார். குறுக்கு விசாரணையில் அவருக்கு நல்ல பெயர். சாட்சி என்ன சொல்கிறான் என்பதை ஜட்ஜ் கேட்டுக்கொள்வார், அவன் எந்த இடத்தில் தொண்டையைச் செருமுகிறான், எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்பதைத்தான் நான் கேட்பேன் என்பார். காதுதான் தன் தொழில் என்று பெருமையாகச் சொல்லுவார்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில், ஒருநாள் காலையில் குளிருகிறது என்றார். பத்து மணிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மத்தியானம் என்னைப் பார்த்து, "ஜட்ஜ் வந்துட்டாரா?" என்று கேட்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நிமோனியாக் கிருமி ரத்தத்தில் கலந்து மூளை உறைவரைக்கும் போய்விட்டது என்றார்கள். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு இப்படி வேகமாகத்தான் ஏறுமாம். டாக்டர்கள் ராப்பகலாகப் பாடுபட்டார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், மகன் பிழைப்பானா மாட்டானா என்று தெரியாத நேரத்தில், மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சொன்னார்:

"நல்லவேளை, நான் போட்டுக்கிட்டேன். இல்லாட்டி எனக்கும்லா ஒட்டியிருக்கும்."

ஊசி போட்டுக்கொண்டதைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். இதை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையாகவே நிம்மதிப்பட்டுத்தான் சொன்னார். இந்த ஆளை விடக் கூடாது என்று அந்த வராந்தாவில் நின்றபடியே முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். கண்ணைத் திறந்து தெளிந்த அன்று, தலைக்கு மேலே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "ஃபேன் ஏன் சத்தமில்லாமச் சுத்துது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கத்திக் கேட்டார். நான் பதில் சொன்னேன். என் வாயையே பார்த்தார். இரண்டு காதும் போயிருந்தது.

அந்த ஊசி போட்டிருந்தால் இது வந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். பக்கத்தில் மாமனாரும் நின்றார். "வந்திருக்கவே செய்யாதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கும்," என்றார். மாமனார் அதில் முதல் பாதியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். துக்கம் விசாரிப்பதுபோல் வருகிறவர்களிடமெல்லாம், "போட்டிருந்தாலும் வந்திருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு. விதி," என்றார். மாமியாரும் அதோடு சேர்ந்து தலையை ஆட்டினார்.

அடுத்த பாட்டில் ஒருவழியாக வந்துசேர்ந்தபோது அதை நான் வீட்டுக்கே கொண்டுவரவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேராக டாக்டரிடம் கொண்டுபோய், என் வீட்டுக்காரரை அங்கே வரவழைத்து, அவர் கையில் மருந்து ஏறி முடிகிறவரை கண் இமைக்காமல் நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் கோர்ட் படி ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்து மற்ற வக்கீல்களுக்கு வழக்கு மனு எழுதிக் கொடுத்தார். என்னோடு பேச வேண்டுமென்றால் உள்ளங்கையை நீட்டுவார். நான் விரலால் அதில் எழுதுவேன். நீளமாக எழுத முடியாது. பேச்சில் பாதி குறைந்துபோனது. எங்கள் வீட்டில் கடைமடை காய்ந்தது இப்படித்தான்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். விசாரிக்க வருகிறவர்கள் எப்படியும் "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். முன்கூடத்தில் ஈசிசேரில் மாமனார் இருப்பார். நான் காபியைக் கொடுத்துவிட்டு, பாடம் நடத்துகிற குரலில் ஆரம்பிப்பேன்.

"நிமோனியாவுக்கு ஒரு தடுப்பூசி இருக்கு மதினி. நடுவயசுக்காரங்க நல்லா இருந்தா அது தேவையில்ல. மண்ணீரல் எடுத்தவங்களுக்கு அவசியம் போடணும், அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி போடணும். அறுபத்தஞ்சு தாண்டிப் போட்டா ஒரே தடவைதான், அதுக்கு மேல தேவையே இல்ல. எங்க மாமா ஒரே வருஷத்துல ரெண்டு போட்டிருக்காக."

அதோடு நிறுத்திவிடுவேன். ஒரு குற்றச்சாட்டு கிடையாது. பொய் கிடையாது. வந்தவர்கள் மாமனாரைப் பார்ப்பார்கள், பிறகு உள்ளே மனு எழுதிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள், பிறகு காபியை மளமளவென்று குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். கணக்கு எல்லாருக்கும் வரும்.

எங்கள் தெருவில் செய்தி பரவ ரேடியோ வேண்டாம். கொஞ்ச நாளில் வேறு காரியத்துக்கு வருகிறவர்களும் என்னிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். "எங்க மாமியாருக்கு எழுவது ஆவுது, சுகர் வேற இருக்கு, போடலாமா?" "ஒரு தடவை போட்டா போதும் அக்கா, டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க." "என் மக பிள்ளைக்கு ஒண்ணரை வயசு, நெஞ்சுச் சளியாவே இருக்கு." "அந்த வயசுக்கு இந்த ஊசி வேலை செய்யாதும்மா. எங்க மாமாவுக்கு எல்லாம் தெரியும், கேட்டுப் பாருங்க. ரெண்டு தடவை போட்டவுக." ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு அண்ணாச்சி மாமனாரிடமே நேரில் போய், "உங்க வீட்டுல ஊசியைப் பத்தி நல்லாச் சொல்லுதாங்களாமே வே," என்று கேட்டுவிட்டாராம். மாமனார் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

முதலில் நான் ஆரம்பித்ததும் பேப்பரைச் சடசடவென்று திருப்புவார். பிறகு எழுந்து புறவாசலுக்குப் போகத் தொடங்கினார். ஆள் வருகிற சத்தம் கேட்டாலே ஈசிசேர் காலியாகிவிடும். பேப்பரை முதலில் பிரிக்கிற உரிமைகூட அதில் போய்விட்டது. ஒருநாள் என்னை நிறுத்தி, "ஏம்மா எல்லார்ட்டயும் அதையே சொல்லுத?" என்று கேட்டார்.

"நல்ல விஷயந்தான மாமா. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு உசுரு பிழைக்கும்லா?" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறவாசலுக்குப் போய்விட்டார். நான் காத்திருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது அவன் மருந்து, நான் எடுத்துக்கொண்டேன் என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதைத் தவிர எல்லாம் சொன்னார். காலம் என்றார், கிரகம் என்றார், ஏரல் ரோட்டையும் வாழைத்தார் வண்டியையும் திட்டினார்.

ஐப்பசி வந்தால் அவருக்கு இழுப்பு வரும். மூச்சு கீச்கீச்சென்று கேட்கும். "அந்த ஊசி ஒண்ணு வர வச்சுக் குடுத்தா நல்லாருக்கும்," என்று மாமியார் மூலமாகச் சொல்லி அனுப்புவார். நான் நேரே போய் அவர் முன்னால் நின்று, "உங்க வயசுக்கு ஒண்ணு போதும் மாமா. நீங்கதான் ரெண்டு போட்டாச்சே," என்பேன். நம்பாமல் டாக்டரிடமே போனார். டாக்டரும் அதையே சொல்லி இழுப்புக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். உண்மையைப் போல ஒரு கம்பு எனக்குக் கிடைத்திருக்கவே கிடைத்திருக்காது. ஐந்து ஐப்பசியும் அதை வைத்தே அடித்தேன்.

அப்படியே என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது ஊசி போட வேண்டிய காலம் வந்தது. அதே சமயத்தில் மாமனாருக்கு எழுபது நிறைந்தது. பீமரத சாந்தி வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். வரும்போது பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்து பாட்டிலும் கொண்டுவந்தாள். நான்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். விசேஷத்தன்று காலையில், கலச நீர் ஊற்றி முடித்து எல்லாரும் கூடத்தில் கூடியிருக்கிற நேரம் பார்த்துக் கம்பவுண்டரை வரச் சொன்னதும் நான்தான்.

மாமனார் புதுப் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நடுக்கூடத்தில் நாற்காலியில் இருந்தார். சொந்தக்காரர்கள் வரிசையாகக் காலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் மாமியார். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். கம்பவுண்டர் பெட்டியோடு உள்ளே வந்தார். நாத்தனார் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமனார் முகம் மலர்ந்தது. மகள் தனக்காகத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். யாரும் கேட்காமலே அங்கவஸ்திரத்தைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு இடது கையை நீட்டினார்.

இதற்குத்தான் ஐந்து வருடமாகச் சொல்லை அடைகாத்து வைத்திருந்தேன்.

"மாமா, இது உங்களுக்கு இல்ல," என்றேன். கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. "நீங்க ரெண்டு போட்டாச்சு. அதுல ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு அவுகளோடது."

காலில் விழுவதற்காகக் குனிந்த ஒருவர் பாதியில் நிமிர்ந்துவிட்டார். மாமனாரின் நீட்டிய கை அப்படியே நின்றது. நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் இனித்தது என்று சொல்ல எந்த வெட்கமும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு இது எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் வெறும் தோளையும் தயங்கி நிற்கிற கம்பவுண்டரையும் பார்த்தார். காது கேளாதவர்களுக்கே உரிய அந்தப் பெரிய குரலில் சொன்னார்: "முதல்ல அப்பாவுக்குப் போடும்!"

ஐந்து வருடத்துக்கு முந்தைய அதே வார்த்தை. மாமனார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்லே," என்றார் மெதுவாக.

"என்னப்பா?"

"எனக்கு வேண்டாம்."

"கேக்கலப்பா!"

மாமனார் எழுந்துவிட்டார். மூச்சு இழுக்க, கழுத்து நரம்பு புடைக்க, அவ்வளவு பேர் முன்னால் கத்தினார். "இது உனக்குலே! அன்னைக்கும் உனக்குத்தாம்லே வந்துச்சு! நாந்தாம்லே எடுத்துக்கிட்டேன்!"

நான் கேட்ட வார்த்தை வந்துவிட்டது. தெரு முனைவரை கேட்டிருக்கும். கேட்காதவர் ஒரே ஒருவர்தான்.

அவர் என் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினார். "அப்பா என்ன சொல்லுதாக?"

மாமியார் என் முழங்கையைப் பிடித்தார். "வேண்டாம்ட்டி, நல்ல நாளும் அதுவுமா," என்றார். நான் கையை உதறிவிட்டு எழுதினேன். எப்போதும் எழுதுவதுபோல் சுருக்கவில்லை. 'அன்னைக்கும் உனக்குத்தான் வந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.' ஒரு எழுத்து குறைக்காமல் எழுதி முடித்தேன்.

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"தெரியும்," என்றார், அதே பெரிய குரலில். "அன்னைக்கே தெரியும். ஊசி போடுததுக்கு முந்தி, மெட்ராஸ் காத்துன்னு கம்பவுண்டர்ட்ட சொல்லும்போதே அப்பா தொண்டையைச் செருமுனாக. குரல் இறங்கிட்டு. ஒரு தடவை போதும்னு அப்பாவுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எத்தனை சாட்சியைப் பாத்திருக்கேன்!"

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு சட்டைக் கையை மடக்கிக் கம்பவுண்டரிடம் புஜத்தைக் காட்டினார்.

நான் ஐந்து வருடமாக அடித்த அடி எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு அடிக்கு ஈடில்லை. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளை மூடிக்கொண்டார். அதற்குமேல் யாரும் காலில் விழ வரவில்லை. அவரும் யாரையும் கூப்பிடவில்லை. தெரிந்தே கையை நீட்டாமல் விட்டுக்கொடுத்த என் வீட்டுக்காரரையும் அந்த நிமிடம் நாலு சாத்து சாத்தலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் காதை அவர் மட்டுமா இழந்தார்? என் குரலையும் சேர்த்தல்லவா இழந்தார்?

மாமனார் அதற்கப்புறமும் சில வருடம் இருந்தார். படுக்கையில் விழுந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். வேளாவேளைக்குச் சோறு போட்டேன், மருந்து கொடுத்தேன், துணி துவைத்தேன். மன்னிப்பு மட்டும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது புது மருந்தெல்லாம் வந்து கணக்கு மாறிவிட்டது. கைக்குழந்தைகளுக்கே போடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து நிறைந்ததும் டாக்டர், அந்த வயதுக்கு முன்னால் போட்டவர்கள் அறுபத்தைந்துக்கு மேல் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். நர்ஸ் வீட்டுக்கே வந்தாள். நான் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்தில் மாமனார் படத்துக்கு நேர் கீழே போட்டேன்.

"இங்கன எதுக்கு? வெளிச்சமே இல்லையே," என்று கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளங்கையை நீட்டினார்.

'தலைமடை' என்று எழுதினேன்.

அவர் நிமிர்ந்து படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கினார்.